படம் இருந்தது, பார்ப்பாரில்லை

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'நைசார்' என்னும் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது தேசத்தார் அடைந்த பெருமிதம் நியாயமானதே. நமது விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமும் அமெரிக்காவின் நாஸாவும் கூடி அமைத்த அக்கருவியைத் தூக்கிச் சென்றது நம்முடைய ராக்கெட். பூமிக்கு மேல் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்து, 12 நாட்களுக்கொரு தரம் அதே தடத்துக்குத் திரும்பி, தரையின் முகத்தை ராடார் அலைகளால் தடவிப் பார்ப்பது அதன் தொழில். இரவென்றும் பகலென்றும் மேகமென்றும் அதற்கு வித்தியாசமில்லை. நிலம் சில செண்டிமீட்டர் தாழ்ந்தாலும் நகர்ந்தாலும் அது தெரிந்துகொள்ளும். இவ்வளவும் உண்மை. இதோடு சேர்த்து, இனி மலைகள் சரியப்போவதை முன்கூட்டியே அறிந்து உயிர்களைக் காத்துவிடலாம் என்றும் பலர் எழுதினார்கள், பேசினார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியே நாம் இன்று எழுதப் புகுந்தோம். வானத்திலிருந்து படம் எடுப்பது ஒன்று. அந்தப் படத்தை ஒருவன் பார்ப்பது மற்றொன்று. பார்த்தவன் சொல்லைக் கேட்டு மலையடியிலிருப்பவன் எழுந்து விலகுவது வேறொன்று. முதற் காரியத்தில் நாம் வெகுதூரம் முன்னேறியிருக்கிறோம். மற்ற இரண்டிலும் நம் நிலைமை என்னவென்பதைக் காட்ட 2021-ம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றே போதும்.

அன்று பிப்ரவரி 7-ந் தேதி. உத்தராகண்டில் சமோலி ஜில்லா. ரிஷிகங்கை நதிக்கு மேலே 6,063 மீட்டர் உயரம் நிற்கும் ரோண்டி சிகரத்தின் வடமுகத்தில், காலை 10 மணி 21 நிமிஷத்துக்கு, ஒரு பெரும் பாறைக் கூறு தன்மேல் படர்ந்திருந்த பனிக்கட்டியோடு கழன்று விழுந்தது. மொத்தம் ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை. சுமார் 1,800 மீட்டர் கீழே பள்ளத்தாக்கின் அடியில் மோதியபோது பாறை நொறுங்கிப் பொடியாயிற்று. உராய்வின் சூட்டில் பனிக்கட்டி உருகித் தண்ணீராயிற்று. கல்லும் சேறும் நீரும் ஒன்றாய்க் கலந்த அந்தப் பிரவாகம் ரிஷிகங்கை மின்சார நிலையத்தை இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டு, அதற்குக் கீழே கட்டப்பட்டுவந்த 520 மெகாவாட் தபோவன்–விஷ்ணுகாட் அணையின்மேல் மோதிச் சுரங்கங்களுக்குள் புகுந்தது. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இரண்டு மின்சாரத் திட்டங்களில் வேலைக்கு வந்த தொழிலாளிகள். ஒரு சுரங்கத்திலிருந்து 12 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். மற்றொரு சுரங்கத்தில் பல நாட்கள் சேறு வாரியும் ஒருவரையும் உயிரோடு காணவில்லை.

அன்று மழையில்லை, வானம் தெளிந்திருந்தது. மாரிக்காலத்தில் நதியைச் சந்தேகிக்கப் பழகியவர்கள் குளிர்காலத்து வெயிலில் அதைச் சந்தேகிக்க முகாந்தரமில்லை. பனிப்பாறை 'வெடித்தது' என்று முதலில் சொன்னார்கள். பனி வெடிக்கவில்லை, மலையே உடைந்தது என்பதை அறிந்து சொன்னவர்கள், பல தேசங்களில் இருந்தபடி செயற்கைக்கோள் படங்களையும் பூகம்பமானிகளின் பதிவுகளையும் சேர்த்துவைத்துப் பார்த்த விஞ்ஞானிகள். அவர்களுடைய ஆராய்ச்சி அதே வருஷத்தில் 'ஸயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. அதிலும், அதன்பின் வந்த மற்றோர் ஆராய்ச்சியிலும் கண்டுள்ள ஒரு விஷயம் நம் தேசத்தில் தக்கபடி பேசப்படவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

அந்தப் பாறைக் கூறு அன்று காலையில்தான் அசையத் தொடங்கியது என்பதல்ல. குறைந்தது ஐந்து வருஷங்களாக அது நழுவிக்கொண்டிருந்தது. அதே மலைமுகத்தில் பக்கத்தில் கிடந்த பனிக்கட்டி 2016-ம் வருஷத்திலேயே ஒருமுறை பெயர்ந்து விழுந்தது. அந்தக் காலந்தொட்டு இந்தக் கூற்றின் தலைப்பக்கத்தில் ஒரு விரிசல் திறந்துகொண்டே வந்தது. முடிவில் அது 80 மீட்டர் அகலம் வரையில் வாய் பிளந்து நின்றது. 2017, 2018 ஆகிய வருஷங்களின் கோடையில் நழுவல் விரைந்தது. விழுவதற்கு முன்பே அந்தக் கூறு பத்து மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. இவையெல்லாம் படங்களில் பதிந்திருக்கின்றன. அப்படங்கள் ராணுவ ரகசியமல்ல. ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஏவிய செயற்கைக்கோள்கள் எடுத்து, காலணா விலையின்றி உலகத்தார் அனைவருக்கும் திறந்து வைத்தவை. நம் ஊர்க் கல்லூரி மாணவன் ஒருவன் விரும்பினால் எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவேண்டியது தன் வேலை என்று எண்ண ஒருவருக்கும் இடமில்லாதிருந்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. 200 பேர் போனபிறகு பார்த்தார்கள்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். படங்களைப் பார்த்திருந்தால் பிப்ரவரி 7-ந் தேதி காலை 10 மணிக்கு விழும் என்று எவரும் நாள் குறித்திருக்க முடியாது. விழுவதற்கு முந்திய மாதங்களில் அதன் நகர்ச்சி தெளிவாக வேகமெடுத்ததாகப் படங்கள் காட்டவில்லை. ஆனால், 5,500 மீட்டர் உயரத்தில் ஒரு மலைத்துண்டு தாய்ப் பாறையை விட்டுப் பிரிந்து நிற்கிறது. அதற்கு நேர் கீழே செல்லும் நதியில் நூற்றுக்கணக்கானோர் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற இரண்டு செய்திகளையும் ஒரே மேஜையின்மேல் வைத்திருக்கலாம். வைத்திருந்தால், நதியின் மேற்புறத்தில் ஓர் அபாயச் சங்கும் அதைக் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும் என்று கேட்கப் பெரிய விஞ்ஞானி வேண்டுமா? மலை உடைந்த நேரத்துக்கும் பிரவாகம் தபோவனத்தை அடைந்த நேரத்துக்கும் இடையே பல நிமிஷங்கள் இருந்தன. சுரங்கத்தின் ஆழத்திலிருந்தவர்களுக்கு அது போதாமலிருக்கலாம். அணையின்மேலும் நதிப்படுகையிலும் நின்ற பலருக்கு அது ஓர் ஆயுசு. விபத்துக்குப் பின்பு அந்த மாதத்திலேயே ரைணி கிராமத்தில் நீர்மட்டம் அறிந்து கூவும் கருவியைப் பொருத்தினார்கள். பொருத்த முடியும் என்பது அதனால் நிரூபணமாயிற்று.

பாறைச் சரிவு என்பது மண் சரிவுபோல் அன்று. மண், மழையில் ஊறிக் கனத்துக் குழைந்து இறங்குவது. 2024-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் கண்ட கோரம் அந்த வகையைச் சேர்ந்தது. பெருமழையே அதன் தூதன். பாறையோ மழையின்றியும் விழும். எந்தப் பாறையும் ஒரே கட்டியாக இல்லை. அதனுள் எண்ணற்ற பிளவுத் தளங்கள் ஓடுகின்றன. நம் ஊரில் கருங்கல் உடைப்பவன் உளியை வைக்குமுன் கல்லின் ஓட்டத்தைப் பார்க்கிறான் அல்லவா? மலையும் அந்த ஓட்டத்திலேதான் உடைகிறது. பிளவுத் தளம் மலைக்குள்ளாகச் சாய்ந்திருந்தால் அடுக்கு நிற்கும். வெளிப்புறமாய்ப் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்து, அதன் கீழ் விளிம்பு மலைமுகத்தில் வெளிப்பட்டு, சாய்வும் உராய்வு தாங்கும் அளவுக்கு மேற்பட்டுவிட்டால், அந்த அடுக்கு விழாமலிருப்பது பழக்கத்தினால் மாத்திரமே! இரண்டு தளங்கள் குறுக்கே சந்தித்தால் ஆப்பு வடிவாய் ஒரு துண்டு கழன்று வரும். விரிசலில் புகும் நீர் உறைந்து விரிவதும், உயர்ந்த மலைகளில் பல்லாயிரம் வருஷங்களாகப் பாறையைப் பிணைத்துவந்த உள்ளுறை பனி பூமி சூடேறுவதால் இளகுவதும், நாம் வைக்கும் வெடிமருந்தும், சாலைக்காக அடிவாரத்தை வெட்டியெடுப்பதும் அந்த முடிவை விரைவுபடுத்துகின்றன.

முற்காலத்தில் இதையெல்லாம் அறிய, நிபுணன் ஒருவன் திசைகாட்டியையும் சாய்வுமானியையும் எடுத்துக்கொண்டு கயிற்றில் தொங்கியே அளக்கவேண்டும். அவன் கை எட்டிய இடம் மட்டும் அளக்கப்படும்; அபாயமான இடம் அளக்கப்படாமலே நிற்கும். தொலையுணர்வுக் கலை இந்த நிலையை மாற்றிவிட்டது. எதிர்க்கரையில் நின்றோ விமானத்திலிருந்தோ லேஸர் ஒளியை வீசினால், மலைமுகம் முழுவதும் கோடிக்கணக்கான புள்ளிகளாய்க் கணக்கில் வந்துவிடுகிறது. அப்புள்ளிகளிலிருந்து ஒவ்வொரு பிளவுத் தளமும் எத்திசையில் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிடும் யந்திரங்கள் எடுத்துரைக்கின்றன. மரங்களின் இலையிடுக்கு வழியே ஒளி இறங்குவதால் காட்டினடியிலுள்ள பழைய விரிசலும் வெளிப்படுகிறது. ஆளில்லாச் சிறு விமானம் எடுக்கும் நூற்றுக்கணக்கான சாதாரணப் போட்டோக்களைக் கொண்டும் ஏறத்தாழ இதே காரியத்தைச் சொற்பச் செலவில் செய்யலாம். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து, முந்திய அளவோடு ஒட்டிப் பார்த்தால், எங்கே கல் உதிர்ந்தது, எங்கே முகம் வீங்கியது என்பது தெரிந்துபோகும்.

செயற்கைக்கோள் ராடாரின் வித்தை இதனினும் நுட்பமானது. அது அனுப்பும் அலை தரையில் பட்டுத் திரும்புகிறது. அடுத்த முறை அதே இடத்துக்கு மேலே வந்து அனுப்பும் அலையும் திரும்புகிறது. இரண்டுக்குமிடையே தரை அசையாதிருந்தால் இரு அலைகளும் ஒத்துப் பொருந்தும். அசைந்திருந்தால் சிறிது பிசகும். அந்தப் பிசகே அளவு. ஐரோப்பாவின் ஸெண்டினல் ராடாரின் அலை நீளம் சுமார் 5.6 செண்டிமீட்டர், ஆகையால் மிகச் சொற்பமான அசைவும் அதில் பிடிபடும். நைசாரின் பெரிய அலை சுமார் 24 செண்டிமீட்டர் நீளமுள்ளது. அது தழையையும் புதரையும் ஊடுருவித் தரையைத் தொடவல்லதாதலால், மரமடர்ந்த நம் மலைகளுக்கு அதுவே உகந்தது. இதில் நமக்குள்ள லாபத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆயினும் குறைகளையும் ஜனங்கள் அறிந்திருக்கவேண்டும். அறியாவிடில் வானத்தை நம்பிக் கெட்டவர்களாவோம். ராடார் கோள்கள் துருவத்துக்குத் துருவம் ஓடிக்கொண்டு பக்கவாட்டிலே பார்க்கின்றன. ஆகையால் கிழக்கிலும் மேற்கிலும் நகர்வது அவற்றுக்கு நன்றாகத் தெரியும். வடக்கு தெற்காக நகர்வது ஏறக்குறையத் தெரியாது. ரோண்டியின் முகமோ வடமுகம்! அதன் நகர்ச்சியைப் பின்னால் கண்டறிந்ததும் ஒளிப்படங்களை ஒன்றன்மேலொன்று வைத்து ஒப்பிட்டதனாலேயே. செங்குத்தான மலைகளில் ஒரு சிகரத்தின் நிழலில் மற்றொரு சரிவு மறைந்துபோகும். புதுப்பனி விழுந்தால் இரு படங்களும் ஒட்டாது. மலை மிக விரைந்து நகரத் தொடங்கினால், 12 நாளைக்கொரு முறை வரும் கண்ணுக்கு அது எட்டாது. அப்போது எதிரே தரையில் நிறுத்திய ராடார்தான் நிமிஷத்துக்கு நிமிஷம் காவல் நிற்கவேண்டும். ஆகவே விவேகமான முறை ஒன்றே: வானிலிருந்து சல்லடை போட்டு ஆயிரம் சரிவுகளில் சந்தேகமான பத்தைப் பொறுக்குவது, விமானத்தாலும் லேஸராலும் அந்தப் பத்தையும் சோதித்து இரண்டைத் தேர்வது, அந்த இரண்டின் எதிரே இரவும் பகலும் கண் வைப்பது.

இது ஏட்டளவிலுள்ள யோசனையல்ல. அமெரிக்காவில் யூட்டா ராஜ்யத்தில் பிங்காம் கான்யன் என்னும் பிரம்மாண்டமான திறந்த செம்புச் சுரங்கம் இருக்கிறது. 2013-ம் வருஷத்தின் தொடக்கத்தில் அதன் பக்கச்சுவர் ஒன்று நகர்வதைக் கருவிகள் காட்டின. நகரும் வேகத்தை நாள்தோறும் குறித்து, அதைத் தலைகீழ்ப் பின்னமாக்கிக் கோடு வரைந்தால், அக்கோடு பூஜ்யத்தைத் தொடும் நாளே மலை விழும் நாள் என்பது ஜப்பானியர் ஃபுகுஸோனோ 1985-ல் வகுத்த முறை. எல்லாப் பாறையும் அதற்குக் கட்டுப்படுவதில்லையென்றாலும் மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் சரிவுகளில் அது பயன்பட்டு வருகிறது. பிங்காமில் ஏப்ரல் 10-ந் தேதி ஆட்களையெல்லாம் வெளியேற்றிவிட்டார்கள். அன்றிரவே, ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறையாக மலை விழுந்தது. ரோண்டியில் விழுந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பாறை. ஒருவருக்கும் காயமில்லை. செம்பு முதலாளிக்குத் தன் சுரங்கத்தைக் காக்கும் காரணம் இருந்தது; காத்துக்கொண்டான்; அதனால் தொழிலாளியும் பிழைத்தான். ரிஷிகங்கையில் அத்தகைய ராடார் ஏன் இல்லை என்று கேட்டால், மலை உச்சி மின்சாரத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளது என்பார்கள். எல்லைக் கல்லைப் பார்த்துப் பாறை விழுவதில்லையே!

ஸ்விட்ஸர்லாந்தின் கிழக்கே ப்ரியன்ஸ் என்ற சிற்றூர். நூறு பேருக்கும் குறைந்த ஜனத்தொகை. ஊருக்கு மேலுள்ள பாறையை ராடாரும் அளவைக் கருவிகளும் பல காலமாகக் கவனித்துவந்தன. வேகம் கூடவே, 2023-ம் வருஷம் மே 12-ந் தேதிக்குள் ஊரைக் காலிசெய்யச் செய்தார்கள். ஜூன் 15-ந் தேதி இரவு பாறை சரிந்து, ஊரின் வாசலுக்குச் சற்று முன்னே வந்து நின்றது. மேற்கே லோட்ஷென் பள்ளத்தாக்கில் ப்ளாட்டன் என்னும் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கும் மேலே மலை உடைந்து பனிப்பாறையின்மேல் குவிவதைக் கண்டு, 2025 மே மாதம் 19-ந் தேதியில் சுமார் 300 பேரை வெளியேற்றினார்கள். மே 28-ந் தேதி பனிப்பாறை முழுவதும் பாறைச் சுமையோடு இடிந்து இறங்கி ஊரின் பெரும்பாகத்தைப் புதைத்துவிட்டது. வீடுகள் போயின, தேவாலயம் போயிற்று. ஓர் உயிரே பலியாயிற்று. ரோண்டியும் ப்ளாட்டனும் ஒரே ஜாதி விபத்து: மேலே பாறையும் பனியும், கீழே மனிதர். ஒன்றில் ஒருவர் மாண்டார்; மற்றொன்றில் 200-க்கு மேற்பட்டோர். இமயத்துக்கும் ஆல்ப்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கை விளக்காது.

செல்வ தேசங்களை ஒப்பிடுவது நியாயமா என்று சிலர் கேட்கக்கூடும். செல்வமும் கருவியும் இருந்தும் ஆட்களைக் காக்கத் தவறியவர்களும் அத்தேசங்களில் உண்டு. இத்தாலியில் வயோண்ட் அணைக்கு மேலே தோக் மலை நகர்வதை எஞ்சினீர்கள் மூன்று வருஷம் அளந்தார்கள். கடைசி நாட்களில் தினம் 20 செண்டிமீட்டர் வரையில் நகர்வதும் அவர்களுக்குத் தெரியும். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி மலையைத் தங்கள் வசத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். 1963-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி இரவு மலை நீர்த்தேக்கத்தில் விழுந்தது, அணை நின்றது, அணையைத் தாண்டி எழும்பிய அலை கீழேயிருந்த ஊர்களில் சுமார் 2,000 பேரைக் கொண்டுபோயிற்று. அளவு அதிகாரிகளின் பெட்டியில் இருந்தது. ஜனங்கள் படுக்கையில் இருந்தார்கள்.

இதை நாம் குறிப்பிடக் காரணமுண்டு. நம்மிடம் அளவே இல்லை என்பது உண்மையல்ல. பூகர்ப்ப ஆராய்ச்சித் துறை ஏறக்குறைய 4 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர் மலைப்பிரதேசத்தைச் சரிவு அபாயம் பற்றி வகைப்படுத்திப் படம் தயாரித்திருக்கிறது. ஹைதராபாதிலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம், 1998 முதல் 2022 வரையில் நேர்ந்த சுமார் 80,000 சரிவுகளை அடக்கிய புத்தகம் ஒன்றை 2023-ல் வெளியிட்டது. 2024 ஜூலையில் கல்கத்தாவில் சரிவு முன்னறிவிப்பு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. டார்ஜிலிங், காலிம்போங் மலைகளோடு நமது நீலகிரிக்கும் அது அறிக்கை விடத் தொடங்கியது. இவை நல்ல காரியங்கள். செய்தவர்களை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அந்த முன்னறிவிப்பு மழையின் அளவை ஆதாரமாகக் கொண்டது. மண் சரிவுக்கு அது பொருந்தும். மழையில்லாத பிப்ரவரியில் 5,500 மீட்டர் உயரத்தில் கழலும் பாறை அந்தக் கணக்கில் எங்கே வரும்? அபாயப் படமோ, இன்ன வட்டாரம் அபாயமானது என்று கூறுமேயன்றி, இன்ன பாறை இந்த வருஷம் இத்தனை நகர்ந்தது என்று கூறாது. ஜாதகம் ஒன்று, நாடி பிடித்துப் பார்ப்பது வேறொன்று.

அளவு கிடைத்தபோது அதை என்ன செய்தார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. தபோவனத்துக்கு அருகிலேயே உள்ளது ஜோஷிமட் நகரம். பழைய சரிவின் குவியல்மேல் அமர்ந்த ஊர் என்று 1976-லேயே ஒரு கமிட்டி எச்சரித்தது. 2023 ஜனவரியில் அங்கே வீடுகள் பிளந்தன. 2022 டிசம்பர் 27-க்கும் 2023 ஜனவரி 8-க்கும் இடையே 12 நாட்களில் அவ்வூரின் நடுப்பாகம் 5.4 செண்டிமீட்டர் தாழ்ந்தது என்று ஹைதராபாத் மையம் படங்களோடு வெளியிட்டது. தொலையுணர்வுக் கலையால் ஜனங்களுக்கு நேரிடையாகப் பயன் விளைந்த தருணம் அதுதான். ஆனால் தேசிய விபத்து நிர்வாக அதிகார சபை, விஞ்ஞான ஸ்தாபனங்கள் பத்திரிகைகளோடு பேசக்கூடாதென்று உத்தரவிட்டது. அறிக்கையும் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. ஜனங்கள் பீதியடைவார்களாம்! சுவர் பிளந்து தெருவில் நிற்பவனுக்கு இனிமேலா பீதி வரவேண்டும்? நிபுணர்களின் முழு அறிக்கைகள் வெளிவரச் செப்டம்பர் மாதம் வரையில் ஆயிற்று; அதற்கும் ஹைகோர்ட்டின் கேள்வி தேவைப்பட்டது.

நார்வே தேசத்தைப் பாருங்கள். 1905-ல் லோயன், 1934-ல் டாஃப்யோர்ட், 1936-ல் மறுபடியும் லோயன் என்று மலை நீரில் விழுந்து அலை எழுந்து மாண்டவர்களை அவர்கள் மறக்கவில்லை. தேசம் முழுவதும் நிலம் நகரும் அளவைச் செயற்கைக்கோள் ராடாரால் கணக்கிட்டு, 2018 முதல் எந்தக் குடியானவனும் தன் வீட்டுக்கு மேலுள்ள மலை மில்லிமீட்டர் கணக்கில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளும்படி பகிரங்கமாக வைத்துவிட்டார்கள். பீதியால் ஒருவரும் ஓடிப்போனதாகத் தெரியவில்லை. அங்கே வெஸ்லெமன்னன் என்ற பாறைமுனை விழும் விழும் என்று சில வருஷங்களுக்குள் 16 முறை அதனடியிலிருந்த வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். 16 முறையும் ஜனங்கள் போய்த் திரும்பினார்கள், பரிகாசமும் செய்தார்கள். 2019 செப்டம்பர் 5-ந் தேதி அது விழுந்தபோது வீடுகளில் ஆளில்லை. வீண் எச்சரிக்கையால் நம்பிக்கை கெடும் என்று நம் அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் சமாதானத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. பதினாறு முறையும் காரணத்தை ஒளிக்காமல் சொன்னதால்தான் பதினாறு முறையும் எழுந்து போனார்கள்.

ரைணி கிராமத்தாரிடம் அப்படிக் காரணம் சொன்னவர் எவர்? 1974-ல் கௌரா தேவியும் அவ்வூர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிக்கொண்டு காட்டைக் காத்த கிராமம் அது. திட்டத்துக்காகப் பாறைக்கு வெடி வைப்பதைப் பற்றி அவ்வூரார் 2019-லேயே நைனிடால் ஹைகோர்ட்டில் முறையிட்டார்கள். விபத்துக்குப் பின், திட்டங்களின் அனுமதியை ரத்து செய்யக் கோரி அப்பிரதேசத்தார் சிலர் மறுபடியும் சென்றபோது, மனு தள்ளப்பட்டதோடு மனுதாரர்களுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் செலவும் விதிக்கப்பட்டது. தீர்ப்பைப் பற்றி நாம் இங்கே விவாதிக்கவில்லை. மலையைப் பற்றிக் கேட்க அந்த ஜனங்களுக்கு நீதிஸ்தலத்தைத் தவிர வேறு வாசல் இல்லாதிருந்ததே நாம் கவனிக்கவேண்டியது. கேட்டவர்கள் கையில் வதந்தியும் அனுபவமும் இருந்தன. ஐந்து வருஷத்துப் படங்கள் கடல் கடந்து எங்கோ ஒரு களஞ்சியத்தில் எவர் கையும் படாமல் கிடந்தன.

இமயம் முழுவதையும் காவல் காக்க முடியுமா என்பது கடைசி ஆட்சேபம். முழுவதையும் காக்கும்படி எவரும் கேட்கவில்லை. மனிதர் வேலை செய்யும் அணைகள், சுரங்கங்கள், யாத்திரைப் பாதைகள், ஊர்கள் ஆகியவற்றுக்கு மேலே நிற்கும் சரிவுகள் எண்ணத்தக்கவை. ஒரு நதியில் மின்சாரத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்குமுன், அந்நதி பிறக்கும் சிகரம் வரையில் முந்திய பத்து வருஷத்துப் படங்களை ஒப்பிட்டு, நகரும் பாறைகளின் ஜாபிதாவை வெளியிடும்படி சட்டம் வேண்டும். அதன் செலவைத் திட்டக்காரரே ஏற்கவேண்டும். அணையின் செலவோடு ஒப்பிட்டால் அது கிள்ளுக்கீரை. ஜாபிதாவில் கண்ட சரிவுகளைக் கவனிக்கப் பொறுப்பான அலுவலர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கவேண்டும். மலை மேலும் நதியிலும் அபாயச் சங்குகளை, முதல் தொழிலாளி சுரங்கத்தில் இறங்குமுன் பொருத்தவேண்டும். வானிலிருந்து வரும் அளவுகளை ஹிந்தியிலும் மலைநாட்டு மொழிகளிலும் கிராமப் பஞ்சாயத்துச் சாவடியில் ஒட்டவேண்டும். பூகர்ப்பத் துறை, விண்வெளித் துறை, விபத்து நிர்வாக சபை, மின்சாரக் கம்பெனி என்று நால்வர் இருக்கிறார்கள். நால்வருக்கும் உரிய வேலை ஒருவருக்கும் உரியதல்லாமற் போவதை நாம் கண்டுவிட்டோம்.

நைசாரின் அளவுகளை எல்லாருக்கும் விலையின்றித் திறந்து வைப்பது என்பது ஆரம்பத்திலேயே செய்த ஏற்பாடு. பத்திரிகைகளுக்கும் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கும் இதனால் ஓர் எளிய கடமை ஏற்படுகிறது. அடுத்த கூட்டத்தில் எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் ஓர் அங்கத்தினர் எழுந்து இரண்டே கேள்விகளைக் கேட்கட்டும். ரிஷிகங்கை, தௌலிகங்கை, அலகநந்தை நதிகளுக்கு மேலே இன்று நகர்ந்துகொண்டிருக்கும் பாறைச் சரிவுகள் எத்தனை? அவற்றின் படங்களை ஒவ்வொரு 12 நாளும் திறந்து பார்க்கும்படி நியமிக்கப்பட்டிருக்கும் அலுவலர் யார்?